வெயிலும் கரண்ட் கட்டும் உள்ள ஊரில் சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் வாங்குவது எப்படி? தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

சோலார் பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் சார்ஜ் கன்ட்ரோலர். அதை வாங்கக் கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது, "எம்பிபிடி எடுத்துக்கோங்க, முப்பது பர்சன்ட் கூடக் கிடைக்கும்" என்பதுதான். கன்ட்ரோலரில் சாதாரண வகை பிடபிள்யூஎம், விலை கூடிய வகை எம்பிபிடி. அந்த முப்பது குளிர்ப் பிரதேசத்துக் கணக்கு. பென்னாகரத்திலும் அரூரிலும் சித்திரை வெயிலில் பேனல் 65 டிகிரிக்குக் கொதிக்கிறது. அப்போது அதே எம்பிபிடி ஒரு வகைப் பேனலோடு பத்துப் பன்னிரண்டு சதவீதம்தான் கூடத் தரும். இன்னொரு வகைப் பேனலோடு இரண்டரை மடங்கு தரும். பேனலையும் பேட்டரியையும் முடிவு செய்யாமல் கன்ட்ரோலரை மட்டும் தனியாக விலை கேட்பதில் அர்த்தமில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் கொடுக்கும் ஒரு ரூபாய்க்கு எத்தனை வாட் பேட்டரிக்குள் போய்ச் சேருகிறது?

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர், டியூபுலர் பேட்டரி (தண்ணீர் ஊற்றும் லெட் ஆசிட் வகை) வைத்திருப்பவர்கள், தோட்டத்து வீடு, மாட்டுக்கொட்டகை, சின்னக் கடை வைத்திருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். போர்வெல் மோட்டாரை சோலாரில் ஓட்டுவது வேறு கதை. அதற்குப் பேட்டரியும் இல்லை, இந்தக் கன்ட்ரோலரும் இல்லை.

அதேபோல, 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறதே, அதைப் போட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அது ஆன்கிரிட், அதாவது ஈபி லைனோடு சேர்ந்தே ஓடும் வகை. பில் குறையும், நல்ல திட்டம்தான். ஆனால் ஈபி லைன் நின்றால் அதுவும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தி மாலை வரை கரண்ட் இல்லாத நாளில், மேலே வெயில் கொளுத்தினாலும் கீழே ஃபேன் சுற்றாது. கரண்ட் இல்லாத நேரத்துக்குத்தான் சோலார் வேண்டும் என்றால் பேட்டரி வேண்டும். பேட்டரி இருந்தால் கன்ட்ரோலர் வேண்டும்.

படி 1: எதற்கு, எவ்வளவு நேரம்

இதை ஒரு தாளில் எழுதினால் போதும். கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகையான பிஎல்டிசி ஃபேன் ஒன்று சுமார் 30 வாட், பழைய ஃபேன் 70, 75 வாட். இரண்டு பிஎல்டிசி ஃபேன் 10 மணி நேரம் ஓடினால் 600 வாட்-மணி. 9 வாட் பல்பு நான்கு, 5 மணி நேரத்துக்கு 180. வைஃபை ரவுட்டர் நாள் முழுக்க 240. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 1,250 என்று வைத்துக்கொள்ளலாம். நம் பக்கம் சராசரியாக நாளுக்கு 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான வெளிச்சம் கிடைக்கிறது. வெப்பம், தூசி, ஒயர், பேட்டரி என்று எல்லா இழப்பும் போக மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும். ஆக, 400 வாட் அளவுக்குப் பேனல் வேண்டும்.

வீட்டில் பழைய ஃபேன்தான் என்றால், சோலாருக்குச் செலவழிப்பதற்கு முன் ஃபேனை மாற்றுங்கள். அதைவிட மலிவான சோலார் இல்லை.

படி 2: பேட்டரி என்ன சொல்கிறது

12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரிதான் இந்தப் பக்கத்து வீடுகளில் அதிகம். அதற்கு 15 ஆம்பியர் சார்ஜ் வசதியானது. அதாவது ஏஎச் எண்ணில் பத்தில் ஒரு பங்கு. 30 ஆம்பியர் வரை தாங்கும் என்று சில கம்பெனிகள் கையேட்டில் சொல்லும். அதற்கு மேல் தள்ளினால் பேட்டரி சூடாகி, தண்ணீர் குறைந்து, தட்டுகள் சீக்கிரம் கெடும்.

இதைக் கவனிக்காமல்தான் பலர் ஒற்றை 150 ஏஎச் பேட்டரிக்கு 540 வாட் பேனலை மாட்டிவிடுகிறார்கள். நல்ல எம்பிபிடி இருந்தால் உச்சி வெயிலில் அது 34 ஆம்பியர் தள்ளும். பகலில் ஃபேனும் ஃபிரிட்ஜும் அதில் பாதியை இழுத்துக்கொண்டால் பரவாயில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர் வீட்டில் முழுவதும் பேட்டரிக்குத்தான் போகும். சார்ஜ் ஆம்பியரை இவ்வளவுதான் என்று கட்டுப்படுத்தும் வசதியுள்ள கன்ட்ரோலரை வாங்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு பேட்டரி போட்டு 24 வோல்ட்டுக்குப் போக வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது 24 வோல்ட்தான். அதே 540 வாட் பேனல் அப்போது 17 ஆம்பியர்தான் தள்ளும்; சின்னக் கன்ட்ரோலரே போதும், ஒயரும் பருமனாக வேண்டியதில்லை.

படி 3: பேனலின் முதுகைப் படியுங்கள்

பேனலைத் திருப்பினால் பின்னால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் நமக்கு வேண்டியவை: வேலை செய்யும்போது வரும் வோல்டேஜ், அதாவது விஎம்பி, எதிலும் இணைக்காதபோது வரும் வோல்டேஜ், விஓசி, ஷார்ட் சர்க்யூட் ஆம்பியர், ஐஎஸ்சி. இவை எல்லாம் பேனல் செல் (பேனலில் தெரியும் சின்னக் கட்டம்) 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்த எண்கள். நம் ஊரில் ஜனவரிக் காலையில் வேண்டுமானால் செல் 25 டிகிரியில் இருக்கும். ஏப்ரல் மதியத்தில் காற்றே 40ஐத் தொடுகிறது. பேனல் அதைவிட 25, 30 டிகிரி கூடுதலாகக் காயும். தகர ஷீட்டோடு ஒட்டி மாட்டியிருந்தால் இன்னும் மோசம். பேனலுக்கும் கூரைக்கும் நடுவே காற்றுப் போக அரை அடியாவது விடுங்கள்.

செல் ஒரு டிகிரி சூடானால் விஎம்பி ஏறக்குறைய 0.4 சதவீதம் இறங்கும். 65 டிகிரியில், அதாவது 40 டிகிரி கூடுதல் சூட்டில், 16 சதவீதம் போய்விடும்.

கடையில் "12 வோல்ட் பேனல்" என்று விற்பது 36 செல் பேனல். விஎம்பி 18 வோல்ட் என்று போட்டிருக்கும். மதிய வெயிலில் அது 15.1 வோல்ட்தான். பேட்டரியை முழுதாக நிறைக்கும் பூஸ்ட் சார்ஜ் ஏற 14.4 வேண்டும். நடுவில் இருப்பது 0.7 வோல்ட். மாடியிலிருந்து கீழே பேட்டரி வரை 10 மீட்டர் தூரம், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், 9 ஆம்பியர் என்றால், போக வர 20 மீட்டரில் 0.9 வோல்ட் ஒயரிலேயே தொலைகிறது. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். "வெயில் நல்லா அடிக்குது, ஆனா வெயில் காலத்துலதான் பேட்டரி நிறைய மாட்டேங்குது" என்று சொல்கிறவர்கள் கன்ட்ரோலரைத் திட்டுவார்கள். பல வீடுகளில் குற்றவாளி ஒயர். 6 சதுர மில்லிமீட்டர் போட்டு, கன்ட்ரோலரையும் பேட்டரியையும் பேனலுக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொரு பொறி, 60 செல் பேனல். பெங்களூர்ப் பக்கம் கழற்றிய பழைய பேனல்கள் மலிவாக வருகின்றன. 250, 280 வாட். விஎம்பி 30.5 வோல்ட் என்று இருக்கும். 24 வோல்ட் பேட்டரிக்கு இது போதும் என்று தோன்றும். வெயிலில் இது 25.6 வோல்ட். 24 வோல்ட் பேட்டரி நிறைய 28.8 வேண்டும். பிடபிள்யூஎம்மோ சாதாரண எம்பிபிடியோ, எதைப் போட்டாலும் ஒற்றைப் பேனல் அதைச் சரியாக நிறைக்காது. இரண்டை சீரியஸில் (வோல்ட் கூடும்படி ஒன்றன் பின் ஒன்றாக) போட்டு எம்பிபிடி வைக்க வேண்டும்.

படி 4: பிடபிள்யூஎம்மா, எம்பிபிடியா

பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் ஒரு சுவிட்ச்தான். பேனலை நேராகப் பேட்டரியோடு சேர்க்கிறது, நிறைந்ததும் விட்டு விட்டுத் துண்டிக்கிறது. சேர்க்கும்போது பேனலின் வோல்டேஜும் பேட்டரி வோல்டேஜுக்கு இறங்கிவிடும். ஆம்பியர் அப்படியே வரும், மிச்ச வோல்ட் வீண். எம்பிபிடி அந்த மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். அதற்குள் ஒரு காயிலும் (கம்பிச் சுருள்) வேகமாகத் திறந்து மூடும் சுற்றும் இருக்கின்றன. மிச்ச வோல்ட் நிறைய இருந்தால் எம்பிபிடிக்கு வேலை இருக்கிறது. மிச்சமே இல்லையென்றால் அது சும்மா உட்கார்ந்திருக்கும்.

இப்போது கணக்கு. 165 வாட் 36 செல் பேனல் மூன்று, 12 வோல்ட் பேட்டரி. பிடபிள்யூஎம்மில் பேனலுக்கு 9 ஆம்பியர் வீதம் 27 ஆம்பியர்; பேட்டரி 13 வோல்ட்டில் இருக்கும்போது 350 வாட். எம்பிபிடியில் 495 வாட் பேனல், வெப்பத்தில் 16 சதவீதம் போக, கன்ட்ரோலருக்குள் 5 சதவீதம் போக, 395 வாட். வித்தியாசம் 45 வாட்.

அந்த 45 வாட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். உதாரணத்துக்கு, எம்பிபிடிக்கு 4,500 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். வாட்டுக்கு 100 ரூபாய் ஆகிறது. சின்னப் பேனல் வாட் 40 ரூபாய் என்றால் இன்னொரு 165 வாட் பேனல் 6,600 ரூபாய். அது பிடபிள்யூஎம் வழியாகவே 117 வாட் கூடுதலாகத் தரும். வாட்டுக்கு 56 ரூபாய். கன்ட்ரோலர் ஒரு சைஸ் பெரிதாக வேண்டும், அவ்வளவுதான். மாடியில் இடம் இருந்தால், 36 செல் பேனலோடு பிடபிள்யூஎம்மும் இன்னொரு பேனலும் வாங்குவதுதான் லாபம். உங்களுக்குக் கிடைத்த கொட்டேஷன் விலையை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, 540 வாட் பெரிய பேனல். விஎம்பி 41.5 வோல்ட், 13 ஆம்பியர். 12 வோல்ட் பேட்டரிக்கு பிடபிள்யூஎம் போட்டால் 13 ஆம்பியர் × 13 வோல்ட், 170 வாட் கூட வராது. எம்பிபிடி போட்டால் 440 வாட். இங்கே எம்பிபிடி போடாதது 270 வாட்டைக் குப்பையில் போட்டதற்குச் சமம். 24 வோல்ட் பேட்டரியிலோ பிடபிள்யூஎம் சுமார் 340, எம்பிபிடி 440.

பெரிய பேனல்கள் வாட்டுக்கு எத்தனை ரூபாய் என்று பார்த்தால் சின்னப் பேனலைவிடப் பொதுவாக மலிவு. எல்லா ஆன்கிரிட் வேலைகளுக்கும் அவைதான் போவதால் லாரி லாரியாக வருகின்றன. அதனால் எம்பிபிடியின் லாபம் பெரிய, மலிவான பேனலை வாங்க வழி திறந்துவிடுவதில்தான் இருக்கிறது. 300 வாட்டுக்கு மேல் தேவைப்படும் வீட்டுக்கு, பெரிய பேனலும் எம்பிபிடியும் சேர்ந்த கொட்டேஷனும், சின்னப் பேனல்களும் பிடபிள்யூஎம்மும் சேர்ந்த கொட்டேஷனும் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் முதலாவதுதான் வெல்லும். 100, 150 வாட் கொட்டகை விளக்கு, அஞ்செட்டிப் பக்கம் யானை வராமல் இருக்கக் கட்டும் சோலார் வேலியின் பேட்டரி போன்றவற்றுக்கு நல்ல பிடபிள்யூஎம் போதும். அங்கே எம்பிபிடி வாங்குவது வீண் செலவு.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டு நிலம்; தர்மபுரியைவிடக் குளிர்ச்சி. அங்கே 36 செல் பேனலிலும் எம்பிபிடி சற்றுக் கூடுதலாகத் தரும். ஆனாலும் மேலே சொன்ன கணக்கைப் புரட்டிப் போடும் அளவுக்கு இல்லை.

36 செல் பேனலோடு எம்பிபிடிதான் வேண்டும் என்று முடிவெடுத்தால், பேனல்களை சீரியஸில் போடுங்கள். பேட்டரி வோல்டேஜைவிட 5 வோல்ட் கூடுதலாக இருந்தால்தான் வேலையைத் தொடங்கும் கன்ட்ரோலர்கள் உண்டு. ஒற்றை 36 செல் பேனலின் விஓசியே வெயிலில் 19 வோல்ட்டுக்கு இறங்கிவிடுவதால், அது தொடங்குவதா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டிருக்கும்.

படி 5: வோல்டேஜ் வரம்பு, இங்கே பயம் குளிரில்

கன்ட்ரோலரின் மேல் 75, 100, 150 என்று ஒரு எண் இருக்கும். பேனல் பக்கம் அது தாங்கும் அதிகபட்ச வோல்டேஜ். விக்ட்ரான் போன்ற கம்பெனிகள் மாடல் பெயரிலேயே 100/30 என்று எழுதுகின்றன. 100 வோல்ட், 30 ஆம்பியர். ஆம்பியர் கொஞ்சம் கூடினால் நல்ல கன்ட்ரோலர் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். வோல்ட் கூடினால் எரிந்துவிடும், வாரண்டியும் கிடைக்காது.

சூட்டில் வோல்டேஜ் இறங்குகிறது என்றால் குளிரில் ஏறும். 540 வாட் பேனலின் விஓசி 49.6 வோல்ட். இரண்டை சீரியஸில் போட்டால் 99.2. நூறுக்குள்தானே இருக்கிறது என்று 100 வோல்ட் கன்ட்ரோலரை மாட்டினால், தை மாதம் தளியில் 10 டிகிரிக் குளிரில் சூரியன் எட்டிப் பார்க்கும்போது 103 வோல்ட்டைத் தாண்டும். ஆறு மாதம் நன்றாக ஓடிய கன்ட்ரோலர் ஒரு பனிக்காலக் காலையில் காரணமே இல்லாமல் போனது போலத் தெரியும். இணைத்த பேனல்களின் விஓசியைக் கூட்டி, அதோடு பத்து சதவீதம் சேர்த்து, அந்த எண்ணுக்கு மேல் தாங்கும் கன்ட்ரோலரை வாங்குங்கள். மேலே சொன்ன இரண்டு பேனலுக்கு 150 வோல்ட் கன்ட்ரோலர்தான். இல்லையென்றால் இரண்டையும் பேரலலில் (வோல்ட் கூடாமல் ஆம்பியர் கூடும்படி) போடுங்கள்.

படி 6: எத்தனை ஆம்பியர்

பிடபிள்யூஎம்முக்கு, பேரலலில் உள்ள பேனல்களின் ஐஎஸ்சியைக் கூட்டி 1.25ஆல் பெருக்குங்கள். 9.7 ஆம்பியர் பேனல் மூன்று என்றால் 36 வருகிறது. 40 ஆம்பியர் கன்ட்ரோலர். இதில் கஞ்சத்தனம் கூடாது. பிடபிள்யூஎம்முக்கு ஆம்பியரைக் குறைக்கத் தெரியாது.

எம்பிபிடிக்கு, பேனல் வாட்டை பேட்டரி வோல்டேஜால் வகுக்க வேண்டும். 540 வாட், 24 வோல்ட் பேட்டரி: 26ஆல் வகுத்தால் 21. வெப்பத்தில் உண்மையில் 17தான் வரும். 20 ஆம்பியரே போதும் என்றாலும், கன்ட்ரோலர் வைக்கும் அறை ஷீட் கூரையாக இருந்தால் 30 வாங்குங்கள். காரணம், கன்ட்ரோலருக்கும் வெப்பம் பிடிக்காது. பல நல்ல கன்ட்ரோலர்கள் சுற்றுப்புறம் 40 டிகிரி வரைதான் முழு ஆம்பியர் தரும் என்று கையேட்டில் எழுதியிருக்கும். அதற்கு மேல் தானாகக் குறைத்துக்கொள்ளும். ஷீட் வீட்டுக்குள் மே மாத மதியம் 40 என்பது சாதாரணம். கையேட்டில் எத்தனை டிகிரி வரை முழு ஆம்பியர் என்ற வரியே இல்லாத கன்ட்ரோலரை நான் வாங்கச் சொல்வதில்லை. ஃபேன் வைத்த கன்ட்ரோலரைவிட, பெரிய அலுமினிய ஃபின் வைத்தது நம் ஊருக்கு ஏற்றது. கிரானைட் குவாரிப் பக்கமும் செம்மண் ரோட்டோரமும் ஃபேன் தூசியில் அடைத்துக்கொள்ளும்.

படி 7: பேட்டரிக்கு ஏற்ற செட்டிங்

கன்ட்ரோலரில் டியூபுலர், ஜெல், லித்தியம் என்று பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்க வழி வேண்டும். டியூபுலருக்கு 12 வோல்ட் கணக்கில் பூஸ்ட் 14.4, ஃபுளோட் (நிறைந்த பிறகு பிடித்து வைக்கும் வோல்டேஜ்) 13.6 வாக்கில். இந்த எண்களும் 25 டிகிரிக்குத்தான். ஒரு டிகிரிக்கு 24 மில்லிவோல்ட் வீதம், 40 டிகிரியில் 0.36 வோல்ட் குறைக்க வேண்டும், 14.4 என்பது 14.04 ஆக வேண்டும். இதைத் தானாகச் செய்வதுதான் டெம்பரேச்சர் காம்பன்சேஷன். வெயிலூர்க்காரர் கூடுதல் பணம் கொடுத்து வாங்க வேண்டிய வசதி ஏதாவது உண்டென்றால் அது இதுதான். எம்பிபிடியைவிட இது முக்கியம் என்பது என் கருத்து. லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறக்குறையப் பாதியாகிறது. அதன் மேல் ஓவர் சார்ஜும் சேர்ந்தால், மாதம் ஒரு முறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினாலும் கட்டாது. சென்சார் ஒயர் தனியாக வந்து பேட்டரியின் மேல் ஒட்டும்படி இருந்தால் சிறப்பு. பேட்டரி கீழ் அறையில், கன்ட்ரோலர் மாடிப்படி அறையில் என்றால் உள்ளுக்குள் இருக்கும் சென்சாரை நம்ப முடியாது.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் தலைகீழ். டெம்பரேச்சர் காம்பன்சேஷனை அணைக்க வேண்டும், ஈக்வலைஸை (அவ்வப்போது வோல்ட்டை உயர்த்தி ஏற்றும் சார்ஜ்) அணைக்க வேண்டும், 14.2 வாக்கில் நிறுத்த வேண்டும். நாள் முழுக்க ஈபி இல்லாமல் பேட்டரி அடிமட்டத்துக்குப் போய் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றான பிஎம்எஸ் துண்டித்துவிட்டால், சில கன்ட்ரோலர்கள் மறுநாள் வெயில் வந்தும் விழிக்காது. லித்தியத்தை எழுப்பும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

படி 8: ஸ்டிக்கர் எம்பிபிடியைக் கண்டுபிடிப்பது

எம்பிபிடி என்று எழுதி, உள்ளே பிடபிள்யூஎம் வைத்து விற்கும் நீலப் பெட்டிகள் சந்தையில் நிறைய உண்டு. கடையில் பேச்சு இப்படித்தான் போகும்.

"அண்ணா, இது எம்பிபிடிதானுங்களா?"

"பெட்டியிலயே போட்டிருக்கே தம்பி."

"பேனல் வோல்டேஜ் எவ்வளவு வரைக்கும் தாங்குங்க?"

"எல்லாம் தாங்கும்."

அந்தப் பதிலோடு வெளியே வந்துவிடலாம். நிஜ எம்பிபிடியில் அந்த எண் அச்சிட்டிருக்கும். கையில் தூக்கிப் பார்த்தாலும் தெரியும்: 30 ஆம்பியர் எம்பிபிடியில் காயிலும் அலுமினியமும் இருப்பதால் கனக்கும். உள்ளங்கையில் அடங்கி, சோப்பு டப்பா எடையில் இருந்தால் அது எம்பிபிடியாக இருக்க வழியில்லை.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் மல்டிமீட்டர் போதும். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்து வீட்டில் பார்த்தது. மாடியில் 60 செல் பேனல் ஒன்று, கீழே எம்பிபிடி என்று எழுதிய பெட்டி, 12 வோல்ட் பேட்டரி. மதியம், பேட்டரி பாதி இறங்கியிருந்தது, சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பேட்டரி முனையில் மீட்டர் வைத்தால் 13.1. பேனல் முனையில் வைத்தால் 13.5. அங்கேயே முடிந்தது. நிஜ எம்பிபிடியாக இருந்தால் பேனல் முனை அந்த வெயிலில் 25, 26 வோல்ட் காட்டியிருக்கும். டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு: எம்பிபிடியில் பேனலிலிருந்து வரும் ஆம்பியரைவிடப் பேட்டரிக்குப் போகும் ஆம்பியர் கூடுதலாக இருக்கும். அந்தப் பெட்டியில் இரண்டும் ஒன்று. பேட்டரி நிறைந்திருக்கும்போது இந்தச் சோதனை செய்யாதீர்கள். அப்போது எந்தக் கன்ட்ரோலரும் பேனலை விட்டுவிடும், எண்கள் குழப்பும்.

படி 9: ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால்

நம் மாவட்டங்களில் பெரும்பாலான வீடுகள் இந்த நிலையில்தான். சாதாரண இன்வெர்ட்டர், ஒரு பேட்டரி. இதில் பேனலும் கன்ட்ரோலரும் சேர்த்தால் சோலார் ஆகிவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். ஆகும். ஆனால் ஒரு சிக்கல். ஈபி இருக்கும் நேரமெல்லாம் இன்வெர்ட்டரே பேட்டரியை நிறைத்து 13.7 வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கும். கன்ட்ரோலர் வந்து பார்த்தால் பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, அதனால் வேலை இல்லை. மேலே வெயில் வீணாகும், பில்லும் குறையாது.

கரண்ட் அடிக்கடி போகும் கிராமத்தில், பகலில் ஃபேன் நிற்காமல் ஓடினால் போதும் என்பவருக்கு இது பிரச்சினையில்லை. கரண்ட் போனதும் பேனல் நேராகச் சுமையை ஏற்கும், பேட்டரி இறங்காது. பில்லும் குறைய வேண்டும் என்றால், பகலில் பேட்டரி நிறைந்ததும் ஈபியைத் தானாகத் துண்டித்து வீட்டைச் சோலாருக்கு மாற்றும் கன்ட்ரோலர் வேண்டும். இதை சோலார் மேனேஜ்மென்ட் யூனிட், ரெட்ரோஃபிட் என்றெல்லாம் விற்கிறார்கள். வாங்கும்போது, எந்த வோல்டேஜில் ஈபிக்குத் திரும்பும் என்பதை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். தொழிற்சாலையில் வைத்த எண் சிலவற்றில் பேட்டரியை மிகவும் இறக்கிவிடும். மாலை ஆறு மணிக்குப் பேட்டரி காலியாகி, ஏழு மணிக்கு ஈபியும் போனால் பகலில் மிச்சம் பிடித்த காசுக்கு என்ன பிரயோஜனம்? ஈபி நம்பகமில்லாத இடத்தில் இந்த எண்ணை உயர்த்தி வையுங்கள், 12 வோல்ட் பேட்டரிக்குச் சுமை இருக்கும்போது 12.2 வாக்கில்.

கன்ட்ரோலரில் லோடு என்று எழுதிய முனை இருக்கும். அது டிசி பல்புக்கு. இன்வெர்ட்டரை அதில் மாட்டக் கூடாது. மிக்ஸி சுற்றத் தொடங்கும் ஒரு நொடியில் முனை கருகிவிடும். இன்வெர்ட்டர் நேராகப் பேட்டரிக்குத்தான் போக வேண்டும்.

படி 10: மாட்டுவது

முதலில் பேட்டரியை இணையுங்கள், பிறகு பேனலை. கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கொடுத்தால் சில கன்ட்ரோலர்கள் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று தெரியாமல் குழம்பும், சில போய்விடும்.

கன்ட்ரோலரைச் சுவரில் செங்குத்தாக மாட்டி, மேலும் கீழும் அரை அடி விடுங்கள். வடக்கு அல்லது கிழக்குச் சுவர் நல்லது. மேற்குச் சுவர் மாலை முழுக்கச் சூட்டைக் கக்கும். பேட்டரிக்கு நேர் மேலே வேண்டாம், ஆசிட் ஆவி முனைகளை அரித்துவிடும். மர அலமாரிக்குள் பூட்டி வைப்பதும் வேண்டாம். எறும்பும் பல்லிக்குஞ்சும் ஒயர் ஓட்டை வழியாக உள்ளே போகும்; ஒயர் நுழைந்த பிறகு மிச்ச இடைவெளியை அடைத்துவிடுங்கள், காற்றுப் போகும் இடத்தை மட்டும் அடைக்காமல்.

பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே டிசி எம்சிபி (தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்). வீட்டு போர்டில் போடும் ஏசி எம்சிபி இங்கே உதவாது. டிசி பொறி தானாக அணையாது, உள்ளேயே எரியும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். ஏப்ரல், மே மாதக் கோடை மழையில் இடி இறங்கும் நிலம் இது, அதனால் டிசி சர்ஜ் புரொடெக்டரும் பேனல் சட்டத்துக்கு எர்த்தும் கட்டாயம். கன்ட்ரோலர் விலையில் மிச்சம் பிடித்து இவற்றை விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். கழிக்க வேண்டியது வேறு எதையாவது. பேனல் தெற்கு பார்த்து, 12 டிகிரி சாய்வில். மாமரத்து நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி படுத்துவிடும்.

மாட்டி முடித்த அன்று, கொட்டேஷனில் எழுதிய வாட்டை நம்பாமல், பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கும் மதியம் ஒன்றில் பேட்டரிக்குப் போகும் ஆம்பியரை அளந்து, பேட்டரி வோல்டேஜால் பெருக்குங்கள். பெரிய பேனலும் எம்பிபிடியும் என்றால் பேனல் வாட்டில் எழுபத்தைந்து, எண்பது சதவீதம் தெளிந்த வெயிலில் வர வேண்டும். 36 செல்லும் பிடபிள்யூஎம்மும் என்றால் எழுபது வந்தால் சரி. ஐம்பதுக்குக் கீழே என்றால் மாட்டியவர் வண்டியை எடுப்பதற்கு முன் நிறுத்தி, ஒயர் முனைகளைக் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுடுகிற முனைதான் சரியாக முறுக்காத முனை. அதே முனைகளை அடுத்த பங்குனியில் ஒரு முறை இறுக்கிவிட வேண்டும்.